வாக்குப்பதிவும் உராய்வு விசையும்

தேர்தல் முடிந்த மறுநாள் செய்தித்தாள்களில் ஓர் எண் தவறாமல் இடம்பெறும். பதிவான வாக்குகள் இத்தனை சதவீதம் என்பதே அந்த எண். அது சற்றுக் குறைந்திருந்தால் போதும். 'படித்தவர்களே வாக்களிப்பதில்லை', 'விடுமுறை விட்டால் ஊர் சுற்றப் போய்விடுகிறார்கள்', 'வாக்களிக்காதவர்களுக்கு அபராதம் போட வேண்டும்' என்றெல்லாம் பேச்சு எழும். நான்கு நாட்களில் அடங்கியும் விடும். அடுத்த தேர்தலில் மறுபடியும் அதே எண், அதே பேச்சு.

இயற்பியல் படிக்கும் மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் கற்பிக்கப்படுகிறது. வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும், பொருளை அளக்கும் முன்பே, கருவியில் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பிழை இருந்தால் அது நேர்ப்பிழையா எதிர்ப்பிழையா என்று கண்டு, அளவைத் திருத்திக் கொள்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே விட்டுவர வேண்டியதில்லை. மக்கள் சோம்பேறிகள் என்று தீர்ப்புக் கூறும் முன், அவர்களை அளந்த கருவியைப் பார்க்க வேண்டும். அவர்கள் நடந்துவரும் பாதையில் உள்ள தடைகளைப் பார்க்க வேண்டும். இதுவே என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே சொல்லுகிறேன்.

பின்னத்தின் கீழே இருப்பது

2024ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்கள் பட்டியலில் இருந்தார்கள். சுமார் 64 கோடிப் பேர் வாக்களித்தார்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் வாக்குகள் பதிவாயின. தருமபுரித் தொகுதியில் 81 சதவீதம். மத்திய சென்னையில் 54 சதவீதம். ஒரே மாநிலத்தில், ஒரே நாளில், இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன்?

சதவீதம் என்பது ஒரு பின்னம். வாக்களித்தவர்களின் எண்ணிக்கை மேலே இருக்கிறது. பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை கீழே இருக்கிறது. மேலே உள்ளதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். கீழே உள்ளதைச் சற்று உற்றுப் பாருங்கள்.

ஒரு தெருவில் 100 வாக்காளர்கள் இருப்பதாகப் பட்டியல் சொல்லுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 6 பேர் இறந்துவிட்டார்கள். 14 பேர் வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்கோ வேறு பேட்டைக்கோ போய்விட்டார்கள். மீதமுள்ள 80 பேரில் 56 பேர் வாக்களிக்கிறார்கள். செய்தித்தாள் 56 சதவீதம் என்று எழுதும். உண்மையில் அந்தத் தெருவில் இருப்பவர்களில் 70 சதவீதம் பேர் வாக்களித்திருக்கிறார்கள்! அடிக்கடி வீடு மாறும் மக்கள் நிறைந்த பெருநகரங்களில் இந்தப் பிழை கூடுதலாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தும் பணியை மேற்கொண்டது. அதற்கு முன் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 6 கோடியே 41 லட்சம் பேர். டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணங்கள் கூறப்பட்டன.

இரண்டு இடங்களில் பெயர் இருந்தால் இரண்டு முறை வாக்களித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதைத் தடுக்கத்தான் வேதியியல் துணைக்கு வந்தது. வாக்காளரின் விரலில் இடப்படும் மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. தோலில் உள்ள உப்புடன் அது வினைபுரிந்து வெள்ளி குளோரைடாக மாறுகிறது. வெளிச்சம் பட்டதும் கறுக்கிறது. சோப்பு போட்டாலும் போகாது. நகம் வளர்ந்துதான் மறைய வேண்டும். தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் உதவியுடன் உருவான இந்த மை 1962ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகி வருகிறது. ஆகவே இரட்டைப் பதிவுகள் வாக்குகளைப் பெருக்குவதைவிடப் பின்னத்தின் கீழ் எண்ணைப் பெருக்குவதே அதிகம்.

மறுபக்கப் பிழை

சுழிப்பிழை இரண்டு திசையிலும் வரும் அல்லவா? இங்கும் அப்படித்தான். பட்டியலில் இருக்கக் கூடாத பெயர்கள் இருப்பது ஒரு பிழை. இருக்க வேண்டிய பெயர்கள் இல்லாமற் போவது மற்றொரு பிழை. முதற்பிழை சதவீதத்தைக் குறைத்துக் காட்டும். இரண்டாவது பிழை அதைக் கூட்டிக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்தானது. ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. பட்டியலில் இல்லாதவரை 'வாக்களிக்காதவர்' என்றுகூட யாரும் கணக்கெடுப்பதில்லை.

1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் இது பெரிய அளவில் நேர்ந்தது. அன்றைய வாக்காளர்கள் சுமார் 17 கோடி. பட்டியல் தயாரிக்கச் சென்ற அலுவலர்களிடம் வட மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். அப்படிப் பெயரில்லாமல் ஒருவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். பெயரைத் தெரிவிக்கக் கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. அப்படியும் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அந்தத் தேர்தலில் 45 சதவீதம் வாக்குகள் பதிவாயின என்று புத்தகங்களில் படிக்கிறோம். அந்த 28 லட்சம் பெண்கள் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலை முறையால் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தோம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. கணக்குக் காட்டாதவர்கள் மீண்டும் பதவிக்கு வரக்கூடாது என்று அன்றே விதி வகுத்தது பாராட்டத்தக்கது. ஆனால் நிலமும் சொந்த மனையும் கல்வியும் வயதும் எனப் பல தகுதிகள் கடந்தவர்களின் பெயர்கள் மட்டுமே அந்தக் குடத்துக்குள் சென்றன. யாருடைய பெயர் குடத்துக்குள் போகிறது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இன்று குடத்துக்கு வெளியே நிற்பவர்களில் உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கிறார்கள். ஒரு சிறு மதிப்பீடு செய்து பாருங்கள். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பிறக்கின்றன. எனவே 18, 19 ஆகிய இரு வயதினர் மட்டும் 4 கோடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தேர்தலுக்கான பட்டியலில் அந்த வயதினர் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேரே இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் பெயரே கொடுக்கவில்லை!

கல்லூரி வகுப்பில் மாணவர்களிடம் நான் இதைக் கேட்பதுண்டு. பட்டியலில் பெயர் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்றால் உயரும் கைகள் எப்போதும் பாதியைத் தாண்டியதில்லை. 'விடுதியில் இருக்கிறேன் சார், எந்த ஊரில் பதிவு செய்வதென்று தெரியவில்லை' என்பார்கள். 'தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். ஒருவர்கூட எனக்கு வாக்குரிமை வேண்டாம் என்று சொன்னதில்லை. வெறுப்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, தெரியாமையும் தள்ளிப்போடுதலும்தான்.

தள்ளுவதா, தடையைக் குறைப்பதா?

தரையில் உள்ள கனமான பீரோவை நகர்த்த வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. நான்கு பேரைக் கூட்டி வந்து முழு பலத்துடன் தள்ளலாம். அல்லது அடியில் உருளைகளை வைத்து உராய்வைக் குறைத்துவிட்டு ஒருவரே நகர்த்தலாம். அறிவுள்ளவர் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பார். தரையும் கீறாது, பீரோவும் உடையாது.

வாக்களிக்காதவர்களுக்கு அபராதம் என்பது முதல் வழி. அதற்குச் சான்றாக ஆஸ்திரேலியாவைக் காட்டுவார்கள். அங்கே 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் 60 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். 1924இல் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குப்பதிவு 91 சதவீதத்தைத் தாண்டியது. தக்க காரணமின்றி வாக்களிக்காதவர்களுக்கு இன்று அங்கே அபராதம் 20 டாலர்.

இந்த எடுத்துக்காட்டில் பாதியைத்தான் நாம் சொல்லுகிறோம். ஆஸ்திரேலியாவில் தேர்தல் சனிக்கிழமையில் நடக்கிறது. தம் மாநிலத்தில் உள்ள எந்தச் சாவடியிலும் ஒருவர் வாக்களிக்கலாம். வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கெனத் தனிச் சாவடிகள் உண்டு. முன்கூட்டியே வாக்களிக்கலாம், அஞ்சலிலும் அனுப்பலாம். அங்கே தள்ளுவிசையோடு உருளைகளும் இருக்கின்றன. உருளைகளை விட்டுவிட்டுத் தள்ளுவிசையை மட்டும் இறக்குமதி செய்ய நாம் ஆசைப்படுகிறோம்.

நம் நாட்டில் இந்த முயற்சி நடக்காமல் இல்லை. குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கும் மசோதா 2009இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2014இல் ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது. 2015இல் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் மத்திய சட்ட ஆணையமும் தன் 255ஆம் அறிக்கையில் கட்டாய வாக்களிப்பு வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அதுவே சரி என்று நான் கருதுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரின் பெயர் பீகாரில் உள்ள அவருடைய கிராமத்தில் இருக்கிறது. வாக்களிக்க வேண்டுமானால் அவர் நான்கைந்து நாள் கூலியை இழந்து ரயிலேற வேண்டும். அவருக்கு அபராதம் போடுவது எந்த நியாயத்தில் சேரும்?

உராய்வைக் குறைப்பதில் நம் தேர்தல் ஆணையம் செய்துள்ள சாதனைகள் சிறியவை அல்ல. எந்த வாக்காளரும் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கக்கூடாது என்ற நோக்குடன் சாவடிகள் அமைக்கப்படுகின்றன. அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாம் என்னும் இடத்தில் ஒரே ஒரு வாக்காளர் உண்டு. 2024ஆம் ஆண்டில் அவர் ஒருவருக்காக அலுவலர்கள் மலைவழியே நடந்து சென்று சாவடி அமைத்தார்கள். அதே தேர்தலில் 85 வயது கடந்த முதியோரும், 40 சதவீதத்துக்கு மேல் உடற்குறை உள்ளோரும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வசதி தரப்பட்டது.

ஒரு மனிதருக்காக மலையேறிய நம் தேர்தல் முறை, சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலைக்காகக் குடியேறியுள்ள லட்சக்கணக்கானவர்களை எட்டவில்லை. அவர்களுக்காக 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே இடத்தில் பதிவு செய்யக்கூடிய மாதிரி இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அரசியல் கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அது பயன்படுத்தப்படவில்லை.

அந்த ஐயங்களை நான் குறை கூற மாட்டேன். வேற்று மாநிலச் சாவடியில் வேட்பாளரின் முகவர் எப்படி அமர்வார், அங்கே நன்னடத்தை விதிகளை எப்படிச் செயற்படுத்துவது என்பவை முறையான கேள்விகள். ஆனால் ஐயத்துக்கு மருந்து சோதனைதான். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் சில சாவடிகளில் மட்டும் அது முதலில் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்சநீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. படிப்படியாகச் சோதித்து, 2004ஆம் ஆண்டில்தான் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரம் வந்தது. பின்னரும் ஐயம் தொடர்ந்ததால், அளித்த வாக்கைச் சீட்டில் காட்டும் கருவி 2013இல் சேர்க்கப்பட்டது. கேள்வி எழுந்தபோதெல்லாம் முறை மேம்பட்டிருக்கிறது. வெளியூர்த் தொழிலாளர்களுக்கான வாக்குப்பதிவையும் ஓர் இடைத்தேர்தலில், ஒரு சில சாவடிகளில், எல்லாக் கட்சிகளின் கண்முன்னே சோதித்துப் பார்க்கலாம். குறை தெரிந்தால் திருத்தலாம். சோதிக்காமலே மூடி வைப்பது அறிவியலுக்கு அழகன்று.

ஒரு வாக்கின் எடை

'என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளிச் சட்டமன்றத் தொகுதியில் வென்றவர் பெற்றது 40,752 வாக்குகள். தோற்றவர் பெற்றது 40,751. நம் மாநிலத்தில் 2021இல் தியாகராயநகர்த் தொகுதியில் வெற்றி வேறுபாடு 137 வாக்குகள். வாக்களிக்காதவர்களோ பல்லாயிரம் பேர்.

இத்தகைய முடிவுகள் அரிதானவை என்பதை மறைக்க வேண்டாம். பெரும்பாலான தொகுதிகளில் வேறுபாடு ஆயிரக்கணக்கில் இருக்கும். அப்போதும் வாக்கு வீண்போவதில்லை. எந்தத் தெருவில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்பதைக் கட்சிகள் சாவடி வாரியாகக் கணக்கெடுக்கின்றன. வாக்களிக்காத தெருவின் குடிநீர்க் குழாயைப் பற்றி யாருக்கும் அவசரம் இராது. சிறு எடைகளும் சேர்ந்துதான் தராசு சாய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சதவீதம் உயர்ந்துவிட்டால் மக்களாட்சி நலமாக இருக்கிறது என்று பொருளாகாது. வாக்குக்குப் பணம் கொடுத்தும் சதவீதத்தை உயர்த்தலாம். பணப் பட்டுவாடா காரணமாக நம் மாநிலத்தில் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி. பணத்துக்காகச் சாவடிக்கு வரும் ஒருவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறார்; நம் கருவியோ அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆகவே வாக்குப்பதிவை உயர்த்தும் பணியும், அதைத் தூய்மையாக வைத்திருக்கும் பணியும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 1989ஆம் ஆண்டில். இன்று 17 வயது நிறைந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். முன்பு ஜனவரி 1ஆம் நாளில் 18 நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே விதி இருந்தது. அதனால் ஜனவரி 2ஆம் நாள் பிறந்தவர் ஓராண்டு காத்திருந்தார். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாட்களாக ஏற்கப்படுகின்றன. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. நீக்குவதற்குப் படிவம் 7. முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் விடுதி முகவரியிலோ பெற்றோர் முகவரியிலோ, ஏதேனும் ஓர் இடத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

வாக்குரிமை வயது வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் எளிய ஆய்வை இந்த விடுமுறையிலேயே செய்யலாம். நான்கு நண்பர்கள் சேர்ந்து உங்கள் தெருவுக்குரிய வாக்காளர் பட்டியலைப் பெற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்களின் அனுமதியோடு வீடு வீடாகச் சென்று மூன்று எண்களை மட்டும் குறியுங்கள். பட்டியலில் இருந்தும் தெருவில் இல்லாதவர்கள் எத்தனை பேர்? தெருவில் இருந்தும் பட்டியலில் இல்லாதவர்கள் எத்தனை பேர்? பட்டியலிலும் தெருவிலும் இருப்பவர்கள் எத்தனை பேர்? யாருக்கு வாக்களித்தீர்கள் என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள். அது அவரவர் மறைபொருள்.

கிடைத்த விவரத்தை உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுங்கள். அவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். பெயர் விடுபட்ட பாட்டி ஒருவருக்குப் படிவம் 6ஐ நிரப்பிக் கொடுங்கள். அடுத்த தேர்தலுக்கு மறுநாள் செய்தித்தாளில் வரும் அந்த எண்ணைப் பார்க்கும்போது, அதன் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பிழையை நீங்கள் திருத்தியிருப்பீர்கள். மேற்பகுதியில் அந்தப் பாட்டியும் இருப்பார்.